நம்ம வம்சத்துக்கே பிரஷர் உண்டா?

உத்திரமேரூர் அரசு மருத்துவமனையிலோ சாலவாக்கம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பிரஷர் பார்க்கும் நாளில் கொஞ்ச நேரம் நின்றால் இரண்டு பேச்சு காதில் விழும். "எங்க அப்பாவுக்கும் இருந்தது, பெரியப்பாவுக்கும் இருந்தது. வம்சத்துக்கே உண்டு. மாத்திரை போட்டு என்ன ஆகப்போகுது?" என்பது ஒன்று. "நாங்க கழனியில வேலை செய்யறவங்க. எங்களுக்கு அதெல்லாம் வராது" என்பது இன்னொன்று. முதல் பேச்சு மனம் விட்டுப்போனதால் வருகிறது, இரண்டாவது தைரியத்தால் வருகிறது. இரண்டின் விளைவும் ஒன்றுதான். மாத்திரை பாதியில் நின்றுபோகிறது, அல்லது தொடங்கப்படுவதே இல்லை.

இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருப்பதுதான் ஆபத்து. இரத்தக் கொதிப்பு பரம்பரையாக வருவது உண்மை. உடலுழைப்பு அதைத் தள்ளிப்போடும் என்பதும் உண்மை. ஆனால் பரம்பரையில் எவ்வளவு வருகிறது, தமிழர்களுக்கு, இந்தியர்களுக்கு என்று தனியாக ஏதாவது உண்டா, வந்ததை மாற்ற முடியுமா என்று கேட்டால் பதில் நீங்கள் நினைப்பது போல இருக்காது.

முதலில், எந்த அளவைப் பிரஷர் என்கிறோம்?

சீட்டில் இரண்டு எண் எழுதுவார்கள். இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது குழாயின் சுவரில் விழும் அழுத்தம் மேல் எண். இதயம் தளர்ந்து மறுபடி நிரம்பும்போது இருக்கும் அழுத்தம் கீழ் எண். 120/80 நல்ல அளவு. வெவ்வேறு நாட்களில் அளந்தும் மேல் எண் 140-க்கோ கீழ் எண் 90-க்கோ வந்தால், அல்லது அதைத் தாண்டினால், அது உயர் இரத்த அழுத்தம். இரண்டில் ஒன்று கூடினாலே போதும்.

"எனக்குத் தலைசுற்றல்கூட இல்லையே" என்று நீங்கள் கேட்கலாம். பெரும்பாலானவர்களுக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. மூளை, இதயம், சிறுநீரகம், கண் ஆகிய இடங்களில் உள்ள குழாய்கள் வருடக்கணக்கில் மெல்லக் கெட்டுக்கொண்டே வரும். பக்கவாதம் வந்து விழுந்த பிறகுதான் பிரஷர் இருந்ததே தெரிந்தது என்ற குடும்பங்கள் நம் பக்கத்தில் நிறைய.

இது நகரத்துக்காரர்களின் நோய்தானே?

சென்னை மருத்துவ விஞ்ஞானிகள் முன்னின்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து, 2008 முதல் 2020 வரை நாடு முழுக்க 1,13,000-க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தார்கள். 2023-ல் முடிவு வெளிவந்தது. பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் இரத்த அழுத்தம். கிராமங்களில் நகரத்தை விடக் குறைவுதான். ஆனாலும் அங்கேயும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். தமிழ்நாட்டில் 2020-ல் எடுத்த தனிக் கணக்கும் அதையே சொன்னது: 33.9 சதவீதம். அதைவிடக் கவலை தருவது அடுத்த எண். அப்படிப் பிரஷர் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. நூறு பேரில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் கட்டுப்பாடில்லாமல் இருக்கிறார்கள் என்று பொருள்.

"தாத்தா காலத்தில் இதெல்லாம் ஏது?" என்ற சந்தேகம் வரும். தாத்தாவுக்கு யாரும் அளந்து பார்த்ததில்லை என்பது பதிலின் ஒரு பாதி. மறுபாதி, வாழ்க்கை மாறிவிட்டது. நேற்று வரை ஏர் ஓட்டிய வீட்டுப் பிள்ளை இன்று கம்பெனி பஸ் ஏறி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இரவு ஷிஃப்ட் போகிறான். பகலில் தூங்குகிறான், கேன்டீனில் சாப்பிடுகிறான். பெற்றோரிடமிருந்து வந்த உடம்பு அதேதான். அது வாழும் விதம் ஒரே தலைமுறையில் மாறிப்போனது.

சரி, பரம்பரையில் எவ்வளவு வருகிறது?

இரட்டைப் பிள்ளைகளையும் குடும்பங்களையும் வைத்துச் செய்த ஆய்வுகள், ஆளுக்கு ஆள் பிரஷரில் தெரியும் வித்தியாசத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை மரபணுவால் (பெற்றோரிடமிருந்து வரும், உடல் இயங்குவதற்கான குறிப்பு) வருகிறது என்கின்றன. இது சின்ன அளவு இல்லை. அப்பா, அம்மா இருவருக்கும் பிரஷர் இருந்தால் உங்களுக்கு வரும் வாய்ப்பு நன்றாகவே கூடும்.

ஆனால் "பிரஷர் மரபணு" என்று ஒன்று இல்லை. 2011-ல் 2 லட்சம் ஐரோப்பிய வம்சத்தினரைச் சோதித்தபோது 29 மரபணு மாற்றங்கள் கிடைத்தன. 2018-ல் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தபோது பிரஷரோடு தொடர்புள்ள இடங்களின் எண்ணிக்கை 900-ஐத் தாண்டியது. ஒவ்வொன்றும் பிரஷரை மாற்றும் அளவு பெரும்பாலும் ஒரு புள்ளிக்கும் குறைவு. உங்கள் அப்பாவிடமிருந்து கொஞ்சம், அம்மாவிடமிருந்து கொஞ்சம் என்று நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன உந்துதல்கள் உங்களிடம் வந்திருக்கின்றன. உங்கள் தம்பியிடம் வேறு கலவை போயிருக்கிறது. அதனால்தான் ஒரே வீட்டில் ஒருவருக்கு 150 இருக்கும், இன்னொருவருக்கு 118 இருக்கும்.

இந்த மரபணுக்கள் இனத்துக்கு இனம் மாறுமா?

இங்கேதான் அதிகம் குழம்புகிறோம். 2011-ல் ஐரோப்பியர்களிடம் கிடைத்த அந்த மாற்றங்களைத் தெற்காசியர், கிழக்காசியர், ஆப்பிரிக்க வம்சத்தினர் ஆகியோரிடம் வைத்துப் பார்த்தார்கள். அங்கேயும் அவற்றுக்குப் பிரஷரோடு தொடர்பு தெரிந்தது. அதாவது, பிரஷரை ஏற்றும் இயந்திரம் பெருமளவு எல்லா மனிதருக்கும் பொது. எந்த மாற்றம் எத்தனை பேரிடம் இருக்கிறது என்ற எண்ணிக்கைதான் கூட்டத்துக்குக் கூட்டம் மாறுகிறது.

அப்படியானால் சில இனத்தாருக்கு மட்டும் பிரஷர் மிக அதிகமாக இருப்பது ஏன்? அமெரிக்கக் கறுப்பின மக்களைக் காட்டித்தான் இந்தக் கேள்வியை எப்போதும் கேட்பார்கள். ரிச்சர்ட் கூப்பர் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 1997-ல் இதற்கு நேர்த்தியான பதில் ஒன்றைத் தந்தார்கள். மேற்கு ஆப்பிரிக்கர்களையும், அதே வம்சத்திலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டு கரீபியன் தீவுகளிலும் அமெரிக்காவிலும் குடியேறியவர்களின் சந்ததியினரையும் ஒரே முறையில் அளந்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் 16 சதவீதம் பேருக்கு உயர் இரத்த அழுத்தம். கரீபியனில் 26. அமெரிக்காவில் 33. வம்சம் ஒன்று, வாழ்க்கை மூன்று.

நம் நாட்டவர்களை வைத்தே இதற்கு ஒரு சாட்சி உண்டு. மேற்கு லண்டனில் குடியேறிய பஞ்சாபியரையும், ஊரிலேயே இருந்துவிட்ட அவர்களின் உடன்பிறந்தவர்களையும் ஒப்பிட்டு 1995-ல் ஓர் ஆய்வு வந்தது. ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்கள். லண்டன்காரர்களுக்கு உடல் எடை, மேல் பிரஷர், கொழுப்பு மூன்றும் ஊரில் இருந்தவர்களை விட அதிகம். பரம்பரையால் இரத்தத்தில் வரும் ஒருவகைக் கொழுப்புப் புரதம் மட்டும் இரு பக்கமும் ஒரே அளவில் இருந்தது. பரம்பரை தருவது எது, வாழும் இடம் தருவது எது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆய்வு எனக்குத் தெரிந்து குறைவு.

தமிழர் என்றே தனி மரபணு உண்டா?

இல்லை. நாம் தலைமுறை தலைமுறையாகச் சொந்த சாதிக்குள், பல குடும்பங்களில் சொந்தத்துக்குள், திருமணம் செய்துகொண்டு வந்தவர்கள். அதனால் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வாழ்ந்தும் மரபணுவில் தள்ளி நிற்கும் சிறு சிறு கூட்டங்களாக இருக்கிறோம் என்று ஐதராபாத்தில் உள்ள உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜ் போன்ற ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். "இந்தியருக்கு இப்படி, தமிழருக்கு அப்படி" என்று ஒரே வரியில் சொல்வதை நம்ப வேண்டாம்.

இருந்தாலும், தெற்காசியரிடம் மட்டும் கூடுதலாகக் காணப்படும் மரபணு மாற்றங்கள் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வைத் தொடங்கிய தண்டபாணி, தங்கராஜ் முதலானோர் 2009-ல் வெளியிட்டது அப்படி ஒன்று. இதயத் தசையின் ஒரு புரதத்துக்கான மரபணுவில் சிறு துண்டு விடுபட்டிருக்கும். தெற்காசியரில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இது உண்டு. இது பிரஷர் நோய் இல்லை, இதயத் தசை பலவீனமாகும் நோய். உங்கள் குடும்பத்தில் இளவயதிலேயே இதயம் வீங்கியோ திடீரென விழுந்தோ இறந்தவர்கள் இருந்தால் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் படமெடுக்கும் சோதனை) பார்ப்பார்கள்.

மாமன் மகளைக் கட்டியதால்தான் பிள்ளைக்குப் பிரஷரா? நம் மாவட்டத்தில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். சாதாரணமாக நாற்பது, ஐம்பது வயதில் வரும் பிரஷருக்குச் சொந்தத்தில் கட்டியது காரணம் என்று சொல்ல முடியாது. அது நூற்றுக்கணக்கான சின்ன மாற்றங்களின் கூட்டு. ஆனால் ஒரே ஒரு மரபணுப் பழுதால் வரும் அரிய வகைகள் சில உண்டு. அவற்றில் சில, தாய் தந்தை இருவரிடமிருந்தும் அதே பழுது வந்தால் மட்டுமே வெளிப்படும். சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு கூடுதல். எனவே குழந்தைக்கோ முப்பது வயதுக்குள் இருப்பவருக்கோ பிரஷர் அதிகமாக இருந்தால் மாத்திரையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. சிறுநீரகம், அதன் மேல் உள்ள சுரப்பி, இரத்தத்தில் பொட்டாசியம் ஆகியவற்றைப் பெரிய மருத்துவமனையில் பார்த்துவிட வேண்டும்.

மரபணுவுக்கு மேலே இன்னொன்று

மரபணு பிறப்பிலேயே வந்துவிடும், மாறாது. ஆனால் அது எப்போதும் முழு வேகத்தில் வேலை செய்வதில்லை. அதன் மேல் ஒட்டிக்கொள்ளும் சில வேதிக் குறிகள் அதைத் தணிக்கும் அல்லது முடுக்கும். இதைத்தான் எபிஜெனெடிக்ஸ் (மரபணுவின் எழுத்தை மாற்றாமல் அதன் வேலையை மட்டும் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு) என்கிறார்கள். உத்திரமேரூர் ஏரி நிரம்பியிருக்கலாம். எந்த மதகை எவ்வளவு திறக்கிறார்களோ அதைப் பொறுத்துத்தான் எந்தக் கழனிக்குத் தண்ணீர் போகும். ஏரி நீர் மரபணு, மதகு இந்தக் குறிகள்.

மதகை யார் திறப்பது, மூடுவது? சாப்பாடு, புகை, தூக்கம், வயது, தாயின் கருப்பையில் இருந்த பத்து மாதம் எல்லாமே.

நன்றாகத் தெரிந்த உதாரணம் புகை. பீடி, சிகரெட் பிடிப்பவர்களின் இரத்தத்தைச் சோதித்தால் குறிப்பிட்ட ஒரு மரபணுவின் மேல் உள்ள குறி குறைந்துபோயிருக்கும். அந்த அளவை வைத்தே ஒருவர் புகைப்பவரா என்று சொல்லிவிடலாம். புகையை விட்டால் வருடங்கள் போகப் போக அந்தக் குறி பழைய நிலைக்குத் திரும்பிக்கொண்டே வருகிறது. உங்கள் உடம்பில் மரபணு வரைக்கும் எட்டிய ஒரு கெடுதலை நீங்களே பெருமளவு திருப்ப முடியும் என்பதற்கு இது கண்கூடான சான்று. இதை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன்.

பிரஷருக்கும் இந்தக் குறிகளுக்கும் தொடர்பு உண்டா? ஜப்பானின் நோரிஹிரோ கட்டோ, லண்டனின் ஜான் சேம்பர்ஸ், ஜஸ்பால் கூனர் ஆகியோர் சேர்ந்து கிழக்காசியர், ஐரோப்பியர், தெற்காசியர் என 3,20,000 பேர் வரை சோதித்து 2015-ல் முடிவு வெளியிட்டார்கள். பிரஷரோடு தொடர்புள்ள புதிய இடங்கள் 12 கிடைத்தன. அவற்றில் பல, பக்கத்தில் உள்ள வேதிக் குறிகளின் அளவோடும் சேர்ந்து மாறுவது தெரிந்தது. மரபணு பிரஷரை ஏற்றும் வழிகளில் இந்தக் குறிகளும் ஒன்றாக இருக்கலாம் என்பதற்கு இது வலுவான தடயம். குறி மாறியதால் பிரஷர் ஏறியதா, பிரஷர் ஏறியதால் குறி மாறியதா என்பதைப் பிரித்தறியும் வேலை இன்னும் நடக்கிறது. அதனால் "எபிஜெனெடிக் சோதனை" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பிரஷருக்கு இன்று அதனால் ஒரு பயனும் இல்லை.

கருப்பையில் என்ன நடக்கிறது?

1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் போரால் கடும் பஞ்சம். அப்போது கருவில் இருந்தவர்களை அறுபது வருடம் கழித்துச் சோதித்தார்கள். பஞ்சத்தைக் காணாத தங்கள் உடன்பிறந்தவர்களோடு ஒப்பிட்டால், வளர்ச்சிக்கான ஒரு மரபணுவின் மேல் இவர்களுக்குக் குறி குறைவாக இருந்தது. தாய் பட்ட பசி அறுபது வருடம் பிள்ளையின் உடம்பில் தங்கியிருக்கிறது.

நம் பக்கம் வருவோம். புனேயில் மருத்துவர் யாஜ்னிக் தலைமையில் கிராமத்துத் தாய்மார்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். அங்கே குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. எடை இவ்வளவு குறைந்தும், நம் குழந்தைகளின் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. தசையும் உறுப்புகளும்தான் குறைந்திருந்தன. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. பெரியவர்களான பிறகும் இந்த உடல்வாகு தொடர்கிறது.

சின்னதாகப் பிறந்தால் பிரஷர் வரும் என்று ஐரோப்பிய ஆய்வுகள் பல சொல்கின்றன. இங்கேயும் அப்படியே என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மைசூரு ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடை பதிவாகியிருந்தது. அவர்களைப் பெரியவர்களான பிறகு தேடிப்பிடித்துச் சோதித்தார்கள். சிறியதாகப் பிறந்தவர்களுக்கு இதய நோய் அதிகம் என்று 1996-ல் வெளிவந்தது. ஆனால் பிறப்பு எடைக்கும் பிரஷருக்கும் தொடர்பு தெரியவில்லை என்று 2000-ல் அதே குழுவே எழுதியது. ஓர் இனத்தில் கண்டதை இன்னோர் இனத்தின் மேல் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றக் கூடாது என்பதற்கு நம் பக்கத்து மாநிலமே சாட்சி.

அப்படியானால் தாய்மார்கள் செய்ய வேண்டியது? கர்ப்ப காலத்தில் வயிறார, புரதத்தோடு சாப்பிடுவது. இரும்புச்சத்து மாத்திரையைத் தவறவிடாமல் போடுவது. அரசு தரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தை வீட்டில் எல்லோரும் பங்குபோடாமல் அந்தப் பெண்ணே சாப்பிட விடுவது. எடை குறைவாகப் பிறந்த குழந்தையைப் பிஸ்கட்டும் சிப்ஸும் கொடுத்து ஐந்து ஆறு வயதில் வேகமாகக் குண்டாக்காமல் இருப்பது. சிறியதாகத் தொடங்கி பிறகு வேகமாக எடை ஏறியவர்களுக்குச் சர்க்கரை நோய்க்கான வாய்ப்பு கூடுவதை டெல்லியில் சுமார் 1,500 பேரைக் குழந்தைப் பருவம் முதல் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2004-ல் காட்டியது.

கர்ப்பத்தின்போது பிரஷர் வந்து, பிரசவத்துக்குப் பின் தானாக இறங்கிவிட்டதா? அதோடு முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். அப்படிப்பட்ட பெண்களுக்குப் பிற்காலத்தில் பிரஷர் வரும் வாய்ப்பு அதிகம். வருடத்துக்கு ஒருமுறையாவது பாருங்கள்.

நம் உடம்புக்கு என்று தனி அளவு உண்டா?

பிரஷருக்கு 140/90 என்பது எல்லோருக்கும் பொது. இடுப்புச் சுற்றளவுக்கு நமக்குத் தனிக் கணக்கு. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. ஐரோப்பியருக்குச் சொல்லும் அளவை விட இது குறைவு. "நான் ஒல்லிதானே" என்ற நினைப்பு நமக்குச் சரிப்படாது. கை கால் ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் தள்ளியிருந்தால் அதுவே எச்சரிக்கை.

இன்னொரு வித்தியாசம் வயது. 2007-ல் வெளியான பன்னாட்டு ஆய்வில், முதல் மாரடைப்பு வந்தவர்களின் நடு வயது தெற்காசியரில் 53, மற்றவர்களில் ஏறக்குறைய 59. நமக்கு ஆறு வருடம் முன்பே வருகிறது. அதற்குக் காரணம் பெரும்பாலும் புகையும் பிரஷரும் சர்க்கரையும் கொழுப்பும் இளவயதிலேயே சேர்ந்துவிடுவதுதான் என்றும் அதே ஆய்வு சொன்னது. அவை எல்லாமே அளக்கக்கூடியவை, குறைக்கக்கூடியவை.

மாத்திரை இனத்துக்கு இனம் மாறுமா?

ஓரளவு மாறும். பிரிட்டனின் வழிகாட்டி நெறிகளில் கறுப்பின ஆப்பிரிக்க, கரீபிய வம்சத்தினருக்கு முதல் மாத்திரையாக அம்லோடிபின் வகையைச் சொல்கிறார்கள். அவர்களுக்கு எனலாப்ரில் வகை தனியாகக் கொடுத்தால் அவ்வளவாக வேலை செய்வதில்லை. கிழக்காசியருக்கு எனலாப்ரில் வகையால் வறட்டு இருமல் அதிகம் வருகிறது.

நமக்கு எது பொருந்தும்? இந்தக் கேள்வியை நம் நாட்டிலேயே 32 மருத்துவமனைகளில் 1,981 பேரிடம் சோதித்து 2025-ல் விடை சொன்னார்கள். ஒரே மாத்திரையில் இரண்டு மருந்து கலந்த மூன்று வகைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றும் ஒரே மாதிரி நன்றாக வேலை செய்தன. ஆறு மாதத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் பேருக்குப் பிரஷர் 140/90-க்குக் கீழே வந்தது. தமிழ்நாட்டுக் கணக்கில் வந்த 7.3 சதவீதத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வம்சத்தில் பிரஷர் உள்ளவர்களும் அந்த 1,981 பேரில் இருந்திருப்பார்கள். ஒழுங்காக மருந்து போய்ச் சேர்ந்தால் நம் உடம்பு கேட்கிறது.

அரசு மருத்துவமனையில் இந்த மாத்திரைகள் இலவசம். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து அளந்து மாத்திரை தருகிறார்கள். கழனிக்குப் போய்விட்ட நேரத்தில் வந்து போயிருந்தால், எப்போது வந்தால் நீங்கள் வீட்டில் இருப்பீர்கள் என்று சொல்லி வையுங்கள்.

பிரஷர் இறங்கிவிட்டதே, நிறுத்தலாமா? மாத்திரை போடுவதால்தான் இறங்கியிருக்கிறது. நிறுத்தினால் ஏறும். கால் வீங்கினால், இருமல் வந்தால், எழும்போது தலை சுற்றினால் நர்சம்மாவிடமோ டாக்டரிடமோ சொல்லுங்கள். மருந்தை மாற்றிக் கொடுப்பார்கள். கர்ப்பமாக விரும்பும் பெண்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எனலாப்ரில், டெல்மிசார்டன், லோசார்டன் ஆகியவை கருவுக்கு ஆகாது.

வேர்வையில் உப்பு போகிறதே, உப்பைக் குறைக்கலாமா?

நடவு, அறுவடை நாட்களில் இந்தச் சந்தேகம் நியாயமானது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூனுக்குள், உப்பு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. சென்னையில் 2007-ல் வெளியான ஆய்வில் சராசரி 8.5 கிராம் என்று தெரிந்தது. சாப்பாட்டிலேயே தேவைக்கு மேல் போய்க்கொண்டிருக்கிறது. வெயிலில் வேலை செய்யும்போது தண்ணீரும் நீர்மோரும் குடியுங்கள். சாதாரணச் சாப்பாட்டின் உப்பே போதும். மாத்திரை போடும்போது கோடையில் அசதியும் தலைசுற்றலும் இருந்தால் மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். அதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

வீட்டில் கணக்குப் போட எளிய வழி உண்டு. நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்பு ஐம்பது நாளாவது வர வேண்டும். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கடை மிக்சர் வாங்கினால் இன்னும் அதிக நாள் வர வேண்டும். பழைய சோற்றில் கெடுதல் இல்லை. அதோடு கை நிறைய ஊறுகாய் வைத்துக்கொள்வதில்தான் கெடுதல்.

இந்துப்பு போட்டால் பிரஷர் ஏறாது என்கிறார்களே? இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். பொட்டாசியம் கலந்த குறைசோடிய உப்பு வேறு. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் அதைக் கொடுத்துப் பார்த்ததில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. 2021-ல் வந்த முடிவு இது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்ற மாத்திரை போடுபவர்களுக்கும் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். அவர்கள் டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

யாரும் அதிகம் பேசாத ஒன்று, உடம்பு வலி மாத்திரை. நாற்று நட்டுவிட்டு வந்து மெடிக்கலில் டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் வாங்கிப் போடுவது நம் ஊர்களில் சர்வசாதாரணம். இவை பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கவில்லை என்றால், வேறென்ன போடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

மரபணுச் சோதனை செய்து பார்க்கலாமா?

எச்சிலை அனுப்பினால் பிரஷர் வருமா என்று சொல்கிறோம் என்று விளம்பரங்கள் வருகின்றன. அவற்றின் கணக்குகள் பெரும்பாலும் ஐரோப்பியர்களை வைத்துப் போட்டவை. நம்மிடம் சரியாகப் பொருந்துவதில்லை. நம் நாட்டுக் கூட்டங்கள் 83-லிருந்து 10,000 பேரின் மரபணுத் தொகுப்பைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவுகள் 2025 ஜனவரியில்தான் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன. அதிலிருந்து நமக்கான கணக்கு வர இன்னும் காலம் ஆகும். அதுவரை கையில் பட்டை கட்டி அளப்பதே உறுதியான சோதனை, அதற்குச் செலவும் இல்லை.

அளக்கும்போது சில கவனம் தேவை. அரை மணி நேரம் முன்பிருந்து டீ, காபி, பீடி வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு அளக்க வேண்டும். கால் மேல் கால் போடாமல், பேசாமல், கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். வரிசையில் நின்று அவசரமாக வந்தவுடன் அளந்தால் எண் கூடுதலாகக் காட்டும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொருமுறை அளக்கச் சொல்லிக் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

உங்களுக்குப் பிரஷர் இருக்கிறது என்று தெரிந்தால் உங்கள் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பதினெட்டு வயதைத் தாண்டிய பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லுங்கள். அவர்களிடமும் அதே உந்துதல்களில் ஒரு பங்கு இருக்கிறது. குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்றாலும் முப்பது வயதானவர்கள் வருடத்துக்கு ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அடுத்த முறை ரேஷன் வாங்கவோ பேங்குக்கோ உத்திரமேரூர் வரும்போது வீட்டில் உள்ளவர்களையும் கூட்டிக்கொண்டு அப்படியே மருத்துவமனைக்குள் நுழைந்து அளந்துவிட்டு வாருங்கள். அந்த எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி ரேஷன் கார்டோடு பத்திரமாக வையுங்கள்.